தண்ணீர்த் தொட்டியைக் காட்டாத மகனுக்கு

நைனா,

இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது ரமணா பக்கத்தில் இருந்தால் உடனே மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிடு. தனியாக இருக்கும்போது எடுத்துப் படி. அவன் உன் கூட்டாளி, நல்ல பையனாகக்கூட இருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்தவர் கையில் இருக்கிற காகிதத்தை எதிரில் நின்றுகொண்டே தலைகீழாகப் படித்துவிடுகிற கண் அவனுக்கு. போன மாதம் நம் வீட்டுக்கு வந்தபோது நான் மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்திருந்தேன். அவன் இன்னும் உட்காரக்கூட இல்லை, "இன்னாம்மா, சுகர் வந்துட்ச்சா ஒங்களுக்கு?" என்றான். அன்றைக்கே அவன் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டேன்.

போனில் பேசாமல் இது என்ன புதுப் பழக்கம் என்று கேட்பாய். போனை எடுத்தால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். நீயும் இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் "சரிம்மா" என்கிறாய். நீ சரி சரி என்று சொன்னாலே எனக்கு ஏதோ சரியில்லை என்றுதான் படுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் என் போனை என்னைவிட அவர்தான் அதிகம் தடவிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு அவர் முழங்காலுக்கு எண்ணெய் வாங்க புத்தூர் போயிருக்கிறார். வருவதற்குள் எழுதி முடித்துத் தபாலில் போட்டுவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. ராணி, மோத்தி, சிட்டு மூன்றையும் ஏற்றிக்கொண்டு, ஸ்ரீ சிட்டி கம்பெனிப் பேட்டை பக்கத்தில் நீயும் ரமணாவும் குத்தகைக்கு எடுத்திருக்கிற நிலத்துக்குப் போகப்போகிறது. நகரியிலும் புத்தூரிலும் மாப்பிள்ளைகளைச் சுமந்த நம் குதிரைகள் இனி கம்பெனி ஆபீசர்களின் பிள்ளைகளுக்குச் சவாரி கற்றுக்கொடுக்குமாம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் நிற்பவர்களை எல்லாம் பிடித்துவைத்து, "எம் புள்ள குதிரப் பள்ளிக்கூடம் வெக்கிறான்யா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டது. கிழக்கே கடல் பக்கம் மேகம் கட்டி நிற்கிறது. இந்த நேரத்தில், கார்வேட்டிநகரத்து மேட்டில் சரளை மண்ணில் காலூன்றிப் பழகிய குதிரைகளை, ஏரிப் பக்கத்துத் தாழ்ந்த பூமியில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறாய்.

உங்கள் இரண்டு பேருக்கும் நான் சந்தேகப் பிராணி. தெரியும். தவிட்டு மூட்டை வந்தால் முழங்கை வரை கையை விட்டு அடியில் இருப்பதை அள்ளி முகர்ந்து பார்ப்பேன். மேலே நல்லதைப் போட்டு அடியில் பூசணம் பிடித்ததை வைக்கிறவர்கள் மழைக்காலத்தில்தான் அதிகம். அப்பா தலையில் அடித்துக்கொள்வார். "வியாபாரி மூஞ்சிக்கி நேராவே மோந்து பாக்குறியே, ஒனுக்கு வெக்கமா இல்லியா?" என்பார். குதிரைக்கு வயிற்று வலி வந்து தரையில் விழுந்து புரளும்போது வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாடு வாயில் போட்டதை அசைபோட்டுச் சமாளித்துவிடும். குதிரைக்கு வாந்தி எடுக்கக்கூட வராது. உள்ளே போனது போனதுதான்.

அதைவிடப் பெரிய விஷயம், குதிரை பொய் சொல்கிற பிராணி. கால் வலித்தால் நாய் கத்தும், ஆடு கத்தும். குதிரை வலியை மறைத்துக்கொண்டு நிற்கும். நொண்டுவது நம் கண்ணுக்குத் தெரிகிறபோது நோய் பாதி தூரம் போயிருக்கும். சேறும் அப்படித்தான், மேலே காய்ந்த மாதிரி காட்டி அடியில் ஊறிக்கொண்டிருக்கும். மறைக்கிற பிராணியை மறைக்கிற மண்ணில் விட்டுவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மழைக்காலம் முழுக்க, காலை ஒரு தரமும் சாயந்திரம் ஒரு தரமும், நான்கு காலையும் தூக்கிக் கொக்கியால் குளம்பைச் சுத்தம் செய்து, அடியில் முக்கோணமாக மெத்தென்று இருக்கிற இடத்தின் இரண்டு பள்ளத்தையும் முகர்ந்து பார்க்க வேண்டும். அழுகல் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் தெரியும். இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டியதில்லை. நீ செய்து வளர்ந்தவன்தான். ஆனாலும் எழுதுகிறேன், காரணம் கடைசியில் வரும்.

உனக்கு மீசை அரும்பிய வருஷம் ராணியின் பின்னங்கால்கள் வெடித்துப் பொருக்குத் தட்டியது நினைவிருக்கிறதா? குளம்புக்கு மேலே, கணுவுக்குப் பின்னால், தொட்டாலே காலை இழுத்துக்கொண்டாள். நமக்கு விரலிடுக்கில் வருகிற சேற்றுப்புண் மாதிரிதான், ஆனால் கால் முழுக்க வீங்கிவிட்டது. நான் நேராக லாடம் அடிக்கிற பாயைச் சந்தேகப்பட்டேன். அவர் வந்துபோன மறுநாள்தான் பொருக்கைப் பார்த்தேன், அதனால். "அல்லா மேல ஆணைம்மா, நான் கொளம்பத் தவிர வேற எங்கியும் கை வெக்கல" என்று அந்த மனுஷர் கண்கலங்கினார். நான் அசையவில்லை. அப்புறம் போட்டோவைத் திருப்பதியில் ஒரு மாட்டு டாக்டரம்மாவிடம் காட்டினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, தினமும் காலைக் கழுவுகிறீர்களா என்பதுதான்.

கழுவாமல்? கல்யாணக் குதிரை ஆயிற்றே. வெள்ளைக் கால் பளபளவென்று இருந்தால்தான் பெண் வீட்டார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று, அப்பா சாயந்திரம் சாயந்திரம் ஷாம்பு போட்டுத் தேய்ப்பார். துடைக்கிறதற்குள் மேளக்காரர்கள் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த ஈரக்கால் மேலேயே வெல்வெட்டுப் பட்டையில் தைத்த சலங்கையைக் கட்டிவிடுவார். அது ஊர்வலம் முடிகிற வரைக்கும் ஊறிக்கொண்டே கிடக்கும். வெள்ளைக் குதிரைக்குக் காலில் தோல் ரோஸ் நிறம், மற்றதைவிட மெல்லிசு. ஊறின தோல் வெடிக்கும், வெடித்த இடத்தில் சேற்றுக் கிருமி நுழையும். சேற்றோடு வந்தால் அப்படியே விட்டுக் காயவைத்து பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், கழுவியே தீரவேண்டும் என்றால் துணியால் சொட்டு ஈரமில்லாமல் துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய் தடவுங்கள், ஈரத்தின் மேல் தடவினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். அப்பா அவரோடும் சண்டைக்குப் போனார். "கல்யாணக் குதுர சேத்தோட போனா மாப்ள ஏறுவானாம்மா?" என்று. வெளியே வந்ததும் என்னிடம், "அந்தம்மாவுக்கு இன்னா தெரியும், மாடு பாக்குற டாக்டரு" என்று முணுமுணுத்தார். ஆனால் அன்றிலிருந்து சலங்கைப் பட்டையைக் காலில் கட்டாமல் கழுத்தில் கட்டினார். பாய் மேல் எனக்கு இருந்த சந்தேகம் இன்னும் முழுசாகப் போகவில்லை, அது வேறு விஷயம்.

நகரிக் கல்யாணத்தையும் நீ மறந்திருக்க மாட்டாய். தறிக்காரர் வீடு, தெரு முழுக்க சீரியல் லைட்டு, மாப்பிள்ளை தலைப்பாகை கட்டி நிற்கிறான். மழை விட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. ராணி நன்றாகத்தான் நின்றாள். நான் வழக்கம்போல் நான்கு குளம்பையும் தொட்டுப் பார்த்தேன். மூன்று ஜில்லென்று இருந்தது, முன்னங்கால் ஒன்று மட்டும் இட்லிப் பானை மாதிரி சுட்டது. ஏறக்கூடாது என்று குறுக்கே நின்றுவிட்டேன். மாப்பிள்ளையின் மாமா, "குதுர நல்லாத்தானே கீது, இன்னாத்துக்கு நாடகம் ஆடுறீங்க?" என்று கத்தினார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை காரில் போனான். மறுநாள் அந்தக் குளம்பைக் கீறினதும் உள்ளே கட்டியிருந்த சீழ் கறுப்பாக வடிந்தது. அந்தக் காலோடு நகரித் தெருவில் நடந்திருந்தால் ராணி இன்றைக்கு இருந்திருக்கமாட்டாள். அப்பா இன்று வரைக்கும் நான் செய்தது சரி என்று வாயால் சொன்னதில்லை. நீதான் சொன்னாய். அன்றைக்கு வண்டியில் திரும்பும்போது, "நீ எப்பவும் இப்டியே இரும்மா" என்றாய். அதனால்தான் இப்படியே இருக்கிறேன்.

இனி உன் வீடியோவுக்கு வருகிறேன். நிலம் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று நீ அனுப்பினாயே, அது. அப்பா ஒரு தரம் பார்த்துவிட்டு ஊருக்கெல்லாம் காட்டப் போய்விட்டார். நான் சமையல் செய்துகொண்டே எத்தனை தரம் பார்த்தேனோ தெரியாது. புதிதாகப் போட்ட தகரக் கொட்டகையைக் காட்டுகிறாய், வேலியைக் காட்டுகிறாய், சிவப்பு சரளை கொட்டின தரையைக் காட்டுகிறாய். கேட் வருகிற இடத்தில் போன் மேலே போய் வானத்தைக் காட்டுகிறது. தண்ணீர்த் தொட்டி வருகிற மூலையில் போன் திரும்பி ரமணாவின் முகத்தைக் காட்டுகிறது. அவன் பல்லைக் காட்டுகிறான். மழைக்காலத்தில் ஒரு நிலத்தில் முதலில் கெடுவது கேட்டும் தொட்டியும்தான். குதிரைகள் தீனிக்காக வந்து முட்டி மோதி நிற்பது கேட்டருகில், நாள் முழுக்க வந்து மிதிப்பது தொட்டியருகில். மற்ற இடமெல்லாம் காய்ந்துகிடந்தாலும் இந்த இரண்டு இடமும் கஞ்சி மாதிரி குழைந்து கிடக்கும். நிலம் பார்க்கப் போனால் அந்த இரண்டையும்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று உன் காதில் ஓதி ஓதி வளர்த்தவள் நான். அந்த இரண்டை மட்டும் விட்டுவிட்டு நீ வீடியோ எடுத்திருக்கிறாய். போனில் கேட்டேன், நினைவிருக்கிறதா? "தொட்டி கிட்ட நின்னு பாத்தியா நைனா?" என்றேன். முதலில் அப்பா முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். அப்புறம், "பாத்தேம்மா, நல்லாத்தான் கீது" என்றாய்.

அதனால் நேற்று நானே போனேன். அப்பாவிடம் நாகலாபுரத்தில் என் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் மாறி ஆட்டோ பிடித்து, நீ அனுப்பிய லொகேஷனை ஆட்டோக்காரரிடம் காட்டிக் காட்டி வந்து சேர்ந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ ஆள் வைத்துச் சரளை கொட்டியிருப்பாயோ என்று ஒரு எண்ணம், மன்னித்துக்கொள். மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கேட்டருகில் டிராக்டர் சக்கரம் பதிந்த தடத்தில் இன்னும் தண்ணீர் நிற்கிறது, அதில் தலைப்பிரட்டை நீந்துகிறது. தொட்டி கட்டியிருப்பது நிலத்திலேயே தாழ்ந்த மூலை. போர் அங்கே இருக்கிறது என்பதற்காக அங்கேயே கட்டிவிட்டார்கள். வேலி ஓரத்தில் கோரைப்புல், வரப்பில் நண்டு வளை. நெல்லுக்கு ஏற்ற பூமி. குடையின் முனையால் சரளையைத் தோண்டினேன். நான்கு விரல் ஆழம்கூட இல்லை, கறுப்புக் களிமண் வந்துவிட்டது. குடையை இழுத்தால் வரமாட்டேன் என்கிறது. அந்த மண்ணில் கால் வைத்தால் குதிரையின் லாடம் மண்ணிலேயே நிற்கும், குதிரை மட்டும் வரும்.

ரமணா எங்கிருந்தோ ஓடி வந்தான். கூல் டிரிங்க் வாங்கிக்கொடுத்தான். மூடி ஏற்கெனவே திறந்த மாதிரி இருந்ததால் குடிக்கவில்லை. "அம்மா, ஒக்க சுக்க கூடா நிலவது" என்றான், ஒரு சொட்டுகூட நிற்காதாம். தலைப்பிரட்டையைக் காட்டினேன். தலையைச் சொறிந்தான். குதிரையின் காலை எப்போதாவது தூக்கிப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன், சிரித்தான். நீ எங்கே என்று கேட்டேன். "அவன் டூட்டிக்குப் போய்க்கிறான்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, "இல்லம்மா, டவுனுக்கு, வேலையா" என்று இழுத்தான். அவன் முகத்தில் அப்போது பல்லைக் காணோம். திரும்பி வரும் வழியில், நீ அங்கே வாடகைக்கு எடுத்திருக்கிற ரூமைத் தாண்டித்தான் ஆட்டோ போனது. கொடியில் நீலக் கலரில் கம்பெனிச் சட்டை இரண்டு காய்ந்துகொண்டிருந்தது. இறங்கிக் காலர் பக்கம் பார்த்தேன், நான் தைத்துக்கொடுக்கிற மாதிரியே பட்டனை இரட்டை நூலில் தைத்திருக்கிறாய். உள்ளே வராமல் திரும்பிவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது முதலில் ரமணாவைச் சந்தேகப்பட்டேன், உன்னை ஏமாற்றிவிட்டான் என்று. அப்புறம் அது பொருந்தவில்லை. என் பிள்ளையை நண்டு வளை விஷயத்தில் எவனும் ஏமாற்ற முடியாது. அப்படியானால் நீ தெரிந்தேதான் சம்மதித்திருக்கிறாய். பகலெல்லாம் நீ கம்பெனியில் இருந்தால், அந்தச் சேற்றில் குதிரைகளைப் பார்க்கப்போவது காலைத் தூக்கவே தெரியாத ரமணா. ஒரே மழைக்காலம் போதும். குளம்பு அழுகும், கால் வெடிக்கும், அப்பா மனசு உடைந்து மூன்றையும் விற்றுவிடுவார், நீ விடுபட்டுவிடுவாய். இதை எழுதும்போது என் கையே கூசுகிறது. ஆனால் நேற்று நாகலாபுரத்திலிருந்து புத்தூர் வரைக்கும் உன்னைப் பற்றி இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன், மறைக்கமாட்டேன்.

உனக்குக் குதிரை பிடிக்காது என்பது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும் நைனா. குளம்பைச் சுத்தம் செய்தால் அப்பா கையை லுங்கியில் துடைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து சாப்பிடுவார். நீ முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவுவாய், முகர்ந்து பார்ப்பாய், மறுபடியும் கழுவுவாய். ஊர்வலத்தில் கடிவாளம் உன் கையில் இருக்கும், கண் பின்னால் வருகிற ஜெனரேட்டர் மேல் இருக்கும். அது இருமினால் போதும், கடிவாளத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுவாய். திரும்பி வரும்போது உன் முகத்தில் கிரீஸும் சிரிப்பும் இருக்கும். மெஷின் வேலைக்குப் போகிறேன் என்று நீ ஒரு தரம் கேட்டபோது அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை. குதிரையோடுதான் இந்த வீட்டு வாசலைத் தாண்ட முடியும் என்று புரிந்துகொண்டாய். அதனால் ஒரு குதிரைப் பள்ளிக்கூடத்தைக் கட்டினாய்.

ஆனால் காலையில் எழுந்து லாயத்துக்குப் போனபோது வேறொன்று தோன்றியது. சிட்டுவின் காலைத் தூக்கினேன். போன வாரம் நீ வந்தபோது சுத்தம் செய்த குளம்பு. கணுவில் முடியைக் கத்தரித்து, காயவைத்து, எண்ணெய் தடவி, லாடத்தின் ஆணி முனைகளை ஒவ்வொன்றாக மழுக்கிவிட்டுப் போயிருக்கிறாய். பிடிக்காத வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறவன், இந்தக் கால்கள் அழுகட்டும் என்று விடுவானா? விடமாட்டான். நேற்று நினைத்ததற்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது. உடனே போனை எடுத்து வீடியோவை மறுபடியும் போட்டேன்.

அப்பாவை ஏமாற்றுவதற்கு நீ இவ்வளவு பாடுபட வேண்டியதே இல்லை. கேட்டையும் தொட்டியையும் காட்டியிருந்தாலும் அவர் கவனித்திருக்கமாட்டார், தகரக் கொட்டகையைப் பார்த்தே மயங்கிவிட்டார். அந்த இரண்டு இடம் இல்லை என்பது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளின் கண்ணில்தான் உறுத்தும். அது உனக்குத் தெரியும். எதை விட்டால் நான் தூங்கமாட்டேன், பஸ் ஏறி வந்து நிற்பேன் என்று உனக்கு நன்றாகத் தெரியும். வாயால் கேட்க முடியாததை நீ என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறாயோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. என் வாழ்க்கையில் இந்த ஒரு சந்தேகம் மட்டும் உண்மையாக இருக்கவேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

இப்போதுதான் லாரிக்காரரைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாயந்திரம் அப்பா வந்ததும் நான் சொல்கிறேன். கத்துவார், சாப்பிடமாட்டார். இந்தத் தரம் நானும் சாப்பிடாமல் உட்காருவேன், யார் முதலில் எழுந்திருக்கிறோம் என்று பார்த்துவிடலாம். மழை விடுகிற வரைக்கும் மூன்று குதிரையின் பன்னிரண்டு காலையும் நான் தூக்குகிறேன், அவர் கொக்கியைப் பிடிக்கட்டும். குளம்பைப் பற்றி அவ்வளவு விவரமாக எழுதினது இதற்குத்தான், இனி அது என் வேலை, உன் வேலை இல்லை. முழங்கால் வலிக்கிறவருக்குக் கை வலிக்கவில்லையே.

பார்த்துவிட்டேன் நைனா. கேட்டையும் பார்த்தேன், தொட்டியையும் பார்த்தேன். நீ டூட்டிக்குப் போ.

உன் அம்மா